வெல்லம் விழுந்த தளம்

1961 மாசியில், சந்தை கூடிய ஒரு நாள், ஜமுனாமரத்தூருக்குச் சனாவுல்லாவின் சிமெண்டு வந்தது.

லாரி ஆலங்காயத்தோடு நின்றுவிட்டது. அங்கிருந்து மாட்டுவண்டி. வண்டி ஏறாத திருப்பங்களில் மூட்டைகளை இறக்கித் தலையில் சுமந்தார்கள். சந்தைக்கு வந்தவர்கள் சாமையையும் புளியையும் அப்படியே விட்டுவிட்டு மூட்டைகளைச் சுற்றி நின்றார்கள். அப்போது மலையில் சிமெண்டு வேடிக்கை பார்க்கிற பொருள். ஒருவன் கோணியின் கிழிசலில் விரலை விட்டு எடுத்து மோந்து பார்த்தான்.

"சாம்பலு" என்றான். "இதுக்கா இம்மாம் பாடு?"

சனாவுல்லா வாணியம்பாடிக்காரர். மலையில் கடுக்காய் வாங்கிக் கீழே தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு அனுப்புகிற வியாபாரம். கல்யாணமான மறுவருஷமே மனைவியை மலைக்கு அழைத்துவந்துவிட்டார். அதில்தான் சிக்கல்.

மனைவி கனீஸ் ஃபாத்திமாவுக்குச் சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு கால்களும் சூம்பிவிட்டன. உட்கார்ந்தபடி உள்ளங்கைகளை ஊன்றி நகர்வாள். பிறந்த வீட்டில் பூக்கல் பதித்த தரை. கூடத்திலிருந்து சமையல்கட்டுக்கு யாரையும் கூப்பிடாமல் போவாள். மலைவீட்டில் மண் தரை. எத்தனை முறை சாணம் மெழுகினாலும் பொடிக்கல் மேலே வந்துவிடும். கார்த்திகை மழையில் தரை ஊறிப்போய், அவள் கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. உள்ளங்கைப் புண் ஆறவில்லை.

அந்த மழையில்தான் அவளுடைய அண்ணன் முகமது வந்தார். குடையை மடக்கக்கூட இல்லை. தங்கையின் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"மச்சான், நான் தப்பா பேசல. எங்க வூட்ல இவளைப் பூ மாதிரி வெச்சிருந்தோம். அங்க தரை கண்ணாடி மாதிரி இருக்கும். இங்க இன்னா இருக்குது?"

"சிமெண்டு தரை போட்டுர்றேன்" என்றார் சனாவுல்லா.

"என் ஷாப்புல போட்டேனே. ஒரே வருஷத்துல பாளம் பாளமா விரிஞ்சுட்ச்சி. விரிசல்ல கை பட்டா மண் தரையே தேவலாம். பிளேடு மாதிரி அறுக்கும்."

"மேல பூக்கல்லு பதிக்கிறேன்."

"அடியில தளம் விரிஞ்சா மேல கல்லு சும்மா இருக்குமா? அதுவும் விரியும். ஆடி மழைக்கு வர்றேன். தரை நல்லா இருந்துதா, சந்தோஷம். விரிசல் இருந்துதுன்னா இட்டுகினு போய்டுவேன். நீங்க மாசத்துக்கு ஒரு தபா கீழ வந்து பாத்துட்டுப் போங்க."

கனீஸை யாரும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாளா, தெரியாது. அவளுக்கு மலை பிடித்திருந்தது. பிறந்த வீட்டில் நாற்காலி உண்டு. பேசுகிற எல்லோரும் அவளைக் குனிந்து பார்த்துப் பேசுவார்கள். மலையில் எல்லோரும் தரையில்தான் உட்கார்ந்தார்கள். கடுக்காய் கொண்டுவரும் பெண்கள் அவளைச் சுற்றிக் குந்தி, அவள் முகத்துக்கு நேராகப் பேசினார்கள். கடுக்காயைத் தரம் பிரிப்பது அவள் வேலையாக இருந்தது. பிஞ்சு ஒரு பக்கம், முற்றல் ஒரு பக்கம், பூச்சி விழுந்தது ஒரு பக்கம். கை தானாகப் போகும். வாணியம்பாடியில் அவளுக்கு வேலை என்று ஒன்று இருந்ததே இல்லை.

கட்டிலைக் கடுக்காய்க் கொட்டகைக்கு மாற்றினார்கள். அங்கிருந்து பார்த்தால் வீட்டு வாசலும் கூடமும் தெரியும். திருப்பத்தூரிலிருந்து கண்ணாயிரம் மேஸ்திரி வந்தார். சாத்தனூர் அணைக்கட்டில் வேலை பார்த்தவர். எந்தப் பேச்சையும் இழுத்துக்கொண்டு போய் அணையில்தான் முடிப்பார். மணலும் தண்ணீரும் சுமக்க மங்கம்மாள் வந்தாள். மேட்டுத் தெருவில் வீடு. குரல் மட்டும் ஊர் முழுக்க.

முதலில் சுவர்ப் பூச்சு நடந்தது. சுண்ணாம்பில் சேர்க்க, ஒரு பெரிய மொடாவில் கடுக்காயை நசுக்கிப் போட்டு வெல்லத்தோடு ஊறவைத்தார் மேஸ்திரி. அது புளித்து நுரைத்தது.

"இன்னா மேஸ்திரி, பாய் வூட்லயே சாராயம் ஊறல் போடுறியா?" என்றாள் மங்கம்மாள்.

"வாயக் கழுவு. செவுத்துக்கு இது. சுண்ணாம்புல இந்தத் தண்ணி ஊத்தினா செவுரு இரும்பு."

"தரைக்கு?"

"தரைக்கு சிமெண்டு. அதுக்கு வெறுந்தண்ணி போதும்."

"பாவம், அதுக்கு மட்டும் வெறுந்தண்ணியா?"

மேஸ்திரி அதைக் காதில் வாங்கவில்லை.

கூடத்துத் தளம் முதலில். மண்ணை நனைத்துத் திமிசு போட்டு இறுக்கி, ஜல்லி பரப்பி, அதன்மேல் கலவையைக் கொட்டினார்கள். சுவரை ஒட்டிச் சுற்றிலும் விரல் தடிமனுக்குப் பலகை வைத்தார் மேஸ்திரி. தளம் இறுகியதும் பலகையை உருவிவிட்டார். சுவருக்கும் தளத்துக்கும் நடுவில் சந்து விழுந்தது.

"இது இன்னாத்துக்கு?" என்றார் சனாவுல்லா. "தேள் பூரான் குடி வர்றதுக்கா?"

"பாய், தளம் சும்மா கிடக்கும்னு நெனைக்கிறீங்க. வெயில்ல நீளும், குளிர்ல சுருங்கும். செவுரு அதைப் புடிச்சுகினா எங்க போவும்? நடுவுல வெடிக்கும். நவுர்றதுக்குக் கொஞ்சம் எடம் குடுத்துட்டா வெடிக்காது. அணையிலயே வுட்டிருக்கான்."

கொட்டகையிலிருந்து கனீஸ் கேட்டாள். "அப்போ அதுவும் என்னை மாதிரி நவுரும்னு சொல்லுங்க."

மேஸ்திரிக்குச் சிரிப்பதா கூடாதா என்று தெரியவில்லை. மங்கம்மாள் சிரித்தாள். அதற்கப்புறம் மேஸ்திரியும் சிரித்தார்.

மாசிக் காற்று ஈரத்தை நக்கி எடுத்துவிடும். தளம் காய்ந்தால் அப்போதே மயிர் மயிராகக் கோடு விழும். தளத்தின்மேல் மணலால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினார்கள். ஓடையிலிருந்து மங்கம்மாள் குடம் குடமாகச் சுமந்தாள். விடிகாலையில் பனிமூட்டம் கொட்டகைக்குள்ளேயே வரும். மூட்டத்துக்குள் குடம் மட்டும் தெரியும், அப்புறம் அவள் தெரிவாள். வந்ததும் கனீஸின் கட்டிலோரம் குந்தி, வெல்லம் போட்ட சுக்குத் தண்ணியை ஊதி ஊதிக் குடிப்பாள்.

"பீபிம்மா, எங்க மாமியார் செத்தப்பகூட நான் இவ்ளோ தண்ணி சொமக்கல."

"உன் இடுப்பு நோவுதா?"

"நோவட்டும். நீ சமையக்கட்டுக்கு வந்து குந்து. எனக்கு ஒரு வாய் சேமியா பண்ணிக் குடு. போதும்."

கூடத்துத் தளம் கல்லாக இறுகியது. அடுத்த வாரம் சமையல்கட்டு. மேஸ்திரி கலவைக்குத் தண்ணீர்ப் பீப்பாயை நிரப்பச் சொல்லிவிட்டு, களி தின்னப் போனார். வந்து கலந்தார். கொட்டினார். மட்டப்பலகை போட்டு இழுத்தார். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

மறுநாள் விரலால் அழுத்தினார். பதிந்தது. பனி அதிகம் என்று நினைத்துக்கொண்டார். அடுத்த நாளும் பதிந்தது. மேலே பொருக்குக் கட்டி வெடித்திருந்தது. அடியில் களி மாதிரி நெகிழ்ந்தது.

"பழைய சிமெண்டா இருக்குமோ?" என்றார் சனாவுல்லா.

"ஒரே லோடு பாய். கூடத்துக்குப் போட்டதும் இதான்."

அப்போது மேஸ்திரி கீழே குனிந்தார். சுவரோரப் பலகை இடுக்கிலிருந்து எறும்புகள் ஏறிக்கொண்டிருந்தன. சாரி சாரியாகத் தளத்தின்மேல் போய், வெடிப்புகளுக்குள் இறங்கின. அவர் கொஞ்சம் கலவையைக் கிள்ளி நாக்கில் வைத்தார். துப்பினார்.

"வெல்லம்" என்றார். "பீப்பாயில எவன்யா வெல்லத் தண்ணி ஊத்துனது?"

"நான்தான்" என்றாள் மங்கம்மாள்.

அவள் குடத்தை இறக்கவில்லை. இடுப்பில் வைத்தபடியே நின்றாள்.

"மொடாவுல மிச்சம் இருந்துது. நாலு சொம்பு ஊத்துனேன். செவுத்துக்கு ஊத்துற, தரைக்கு ஊத்த மாட்டியா? அந்தம்மா செவுரு மேலயா நவுருது?"

மேஸ்திரி தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். திட்டுவதற்கு வாயைத் திறந்தார். கடைசியில், "எனக்கும் தெரியாதே" என்றார். "சிமெண்டுக்கு இது ஆவாதுன்னு எனக்கே இப்பதான தெரியுது."

சனாவுல்லாவுக்கு முகம் சிவந்துவிட்டது. சர்க்கார் பர்மிட்டில் அளந்து கிடைத்த சிமெண்டு. இரண்டு மூட்டைதான் மிச்சம். இன்னொரு பர்மிட் வாங்குவதற்குள் ஆடி வந்துவிடும். ஆடியில் முகமது வருவார்.

"நாளையிலேர்ந்து நீ வராத" என்றார் மங்கம்மாளிடம்.

"அவ வரலன்னா நான் யார்கூடப் பேசுறது?" என்று கொட்டகையிலிருந்து கனீஸின் குரல் வந்தது. "உங்ககூடயா? நீங்க கடுக்காயைத் தவிர இன்னா பேசுறீங்க?"

"சரி, வரட்டும்" என்றார் சனாவுல்லா. கனீஸ் மேஸ்திரியைக் கூப்பிட்டாள்.

"மேஸ்திரி, அந்தத் தண்ணி சுண்ணாம்புக்கு ஆவும்னீங்க. சமையக்கட்டுத் தளத்தைச் சுண்ணாம்புலயே போட்டா இன்னா?"

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். சுண்ணாம்புத் தளம் அவர் போட்டதுதான், எத்தனையோ வீடுகளில். "போடலாம்மா. ஆனா கூடம் சிமெண்டு, இது சுண்ணாம்பு. ரெண்டும் ஒண்ணா நவுராது. வாசக்கால்ல ரெண்டும் சந்திக்கிற எடத்துல இழுத்துக்கும். மேல கல்லு பதிச்சா அங்கதான் மொதல்ல வெடிக்கும்."

"அப்பால பாப்போம். மொதல்ல இதைத் தோண்டுங்க."

கெட்டுப்போன தளத்தை மங்கம்மாள் ஒருத்தியாகவே அள்ளிக் கொட்டினாள். மற்ற ஆட்கள் கூடைக்குக் கை வைத்தால் தட்டிவிட்டாள். மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டதற்கு வரவில்லை. பொழுது சாய்ந்ததும் கனீஸ் சாமைச் சோற்றில் கொள்ளுக் குழம்பை ஊற்றிப் பிசைந்து, கிண்ணத்தைக் கட்டில் விளிம்பில் வைத்தாள்.

"நீ சாப்பிடலன்னா நானும் சாப்பிடல. இங்கயே பட்டினி கிடந்து செத்தேன்னா எங்கண்ணன் வந்து உன்னை உதைப்பாரு."

மங்கம்மாள் வந்து உட்கார்ந்தாள். முதல் கவளத்தை வாயில் வைத்துக்கொண்டே அழுதாள். மென்றுகொண்டே இருந்தாள்.

பங்குனி முழுக்க அந்தத் தெருவில் சுண்ணாம்புச் சத்தம்தான். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் பரப்பி, மேட்டுத் தெருப் பெண்கள் எதிரெதிர் வரிசையாகக் குந்தி மரக்கட்டையால் அடித்தார்கள். அடிக்க அடிக்கக் கடுக்காய்த் தண்ணீரைத் தெளித்தார்கள். பாடினார்கள், சண்டை போட்டார்கள், ஒருத்தியின் புருஷனைப் பற்றி இன்னொருத்தி சொல்லிச் சிரித்தார்கள். பலா பிஞ்சு விட்டிருந்தது. வெயில் ஏறினால் தெரு முழுக்க வெல்லமும் துவர்ப்பும் கலந்த வாசனை. அந்தத் தெருவில் அப்போது இருந்தவர்கள், வெகுகாலம் கழித்தும், எங்காவது புதுச்சுண்ணாம்பு வாசனை பட்டால் அந்தப் பங்குனியைத்தான் பேசினார்கள். பேசத் தொடங்கினால் எறும்பில் ஆரம்பிப்பார்கள்.

கல் பதிக்க மேஸ்திரி அவசரப்படவில்லை. ஈரத்தோடு பதித்தால் தளம் பிறகு சுருங்கும், கல்லையும் சேர்த்து இழுக்கும். ராத்திரி தளத்தின்மேல் ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்துவைத்துச் சுற்றிலும் மாவு பூசிவிடுவார். காலையில் டம்ளரின் உள்ளே வேர்த்திருந்தால் "இன்னிக்கு வேலை இல்ல" என்பார். சனாவுல்லா தினமும் தொழுகை முடித்ததும் டம்ளரைப் பார்க்க வருவார். சித்திரை பிறந்த பிறகுதான் டம்ளர் தெளிவாக இருந்தது.

அப்புறம் வாசக்கால் சண்டை.

பூக்கல் நான்கு சேர்ந்தால் ஒரு பூ. கூடத்திலிருந்து சமையல்கட்டு வரை பூ விட்டுப்போகாமல் ஓட வேண்டும் என்பது சனாவுல்லாவின் ஆசை. மேஸ்திரி வாசக்காலில் ஒரு விரல் இடைவெளி விட வேண்டும் என்றார். தளம் இரண்டும் சந்திக்கிற இடத்துக்கு நேர் மேலே.

"விரிசல் வரக் கூடாதுன்னு நாமளே ஒரு விரிசல் வெக்கிறதா?" என்றார் சனாவுல்லா. "மச்சான் வந்து மொதல்ல அதைத்தான் பாப்பாரு."

"வெக்கலன்னா தானா வரும் பாய். நேரா வராது, கல்லை ஒடச்சிகினு வரும். நாம வெச்சா நேரா இருக்கும்."

"அவ கை அதுல மாட்டுமே?"

தாரும் மணலும் அடைக்கலாம் என்றார் மேஸ்திரி. தார் கோடையில் கையில் ஒட்டும் என்றார் சனாவுல்லா. சிமெண்டு அடைக்கலாம் என்றான் ஓர் ஆள். அடைத்தால் இடைவெளி எதற்கு என்று மேஸ்திரி அவன்மேல் பாய்ந்தார்.

மறுநாள் மங்கம்மாள் புருஷன் சக்கரவர்த்தியை இழுத்துக்கொண்டு வந்தாள். அவர் தேன் எடுக்கிறவர். அதிகம் பேசமாட்டார். மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் சேர்த்துக் காய்ச்சிய உருண்டை.

"தேன் கொடத்துல ஓட்டை வுழுந்தா இதைத்தான் அடைப்போம்" என்றாள் மங்கம்மாள். "வழுவழுன்னு இருக்கும். அமுக்கினா அமுங்கும். மேஸ்திரி, இதுல வெல்லம் இல்ல. வேணும்னா நக்கிப் பாத்துக்க."

மேஸ்திரி உருண்டையை அழுத்திப் பார்த்தார். ஒரு பலகைமேல் இரண்டு கல்லை வைத்து நடுவில் அதை அடைத்து, கனீஸிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை மேலே ஓட்டினாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.

"கல்லு முடியுற எடம் தெரியுது. வலிக்கல" என்றாள். "இதையே வைங்க."

வாசக்காலில் பூ பாதியாக நின்றது. ஒரு விரல் மெழுகுக்கு அப்பால் மீதிப் பாதி தொடங்கியது. அடியில் தளங்கள் சேரும் இடத்தில், தார் தோய்த்த கடுக்காய்ச் சாக்கை நாலு விரல் அகலத்துக்குப் போட்டிருந்தார் மேஸ்திரி. கல் ஒட்டாமல் அதன்மேல் சறுக்கும் என்றார். அது யார் கண்ணுக்கும் தெரியாது.

கல் இறுகி, தண்ணீர் விட்டு, தேய்த்துக் கழுவி, ஒரு காலை கனீஸைக் கூடத்தில் இறக்கிவிட்டார்கள். அவள் எல்லோரையும் வெளியே போகச் சொன்னாள். மங்கம்மாள் மட்டும் சமையல்கட்டுப் பக்கம் குந்தியிருந்தாள். உள்ளேயிருந்து உள்ளங்கைகள் தரையில் படும் சத்தம் கேட்டது. மெல்ல. அப்புறம் வேகமாக.

"லாரி மாதிரி வர்றியே! மோதிடப் போற!" என்று மங்கம்மாள் கத்தியது வெளியே கேட்டது.

கொஞ்ச நேரத்தில் புகை வந்தது. அப்புறம் நெய்யில் வறுபடும் சேமியா வாசனை. சனாவுல்லா வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மேஸ்திரி அணையைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

ஆனி கடைசியில் ஒரு நாள், அடுப்புக்குப் பக்கத்துக் கல்லில் கனீஸின் கை நின்றது. திரும்பவும் தடவினாள். நூல் மாதிரி ஒரு கோடு. கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. கைக்குத் தெரிந்தது.

மங்கம்மாள் பார்த்துவிட்டாள். "இது நான் பண்ணதா?"

"அடுப்புச் சூடு. நீ ஒண்ணும் பண்ணல."

"பாய்கிட்ட சொல்லட்டா?"

"வாணாம்."

ஆடிச் சாரலில் முகமது வந்தார். நனைந்த செருப்பை வாசலிலேயே கழற்றினார். மச்சானைக் கட்டிப்பிடித்தார். தங்கைக்கு இரண்டு ஜதை வளையல் வாங்கி வந்திருந்தார். நல்ல மனிதர். அதனால்தான் சொன்ன சொல்லை மறக்கவில்லை. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தினார். கூடத்தின் ஒரு மூலையில் உள்ளங்கையை வைத்து வரிசை வரிசையாகத் தடவிக்கொண்டு வந்தார். சனாவுல்லா பின்னாலேயே வந்தார். கனீஸ் சமையல்கட்டில் அடுப்பின் முன்னால் டீ போட்டுக்கொண்டிருந்தாள். மங்கம்மாள் பின்வாசலில் விறகோடு நின்றாள்.

வாசக்காலில் முகமது நின்றார். மெழுகைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"இது?"

"வேணும்னு வுட்டது மச்சான். தளம் நவுர்றதுக்கு."

"ம். இது அறுக்காது." அவர் தாண்டி வந்தார். "கூடம் நல்லா இருக்குது. பொய் சொல்லக் கூடாது. நல்லா இருக்குது."

அடுப்பு வரை வந்தார். கை நின்றது. நகத்தால் கீறிப் பார்த்தார். குனிந்து, தலையைச் சாய்த்து, வெளிச்சத்துக்கு நேராகப் பார்த்தார்.

"இதோ."

சனாவுல்லாவும் குனிந்து பார்த்தார். அவருக்கு அது புதிது. அவரும் நகத்தை வைத்துப் பார்த்தார். வெளியே சாரல் கூரையில் விழுந்துகொண்டிருந்தது. மங்கம்மாள் விறகைக் கீழே வைத்தாள்.

"மச்சான், மனசுல வெச்சுக்காதீங்க. ஒரு மழைக்கே நூல் வுட்டிருக்குது. அடுத்த மழைக்குக் கயிறு வுடும். நீங்க பட்ட பாடு எனக்குத் தெரியுது. ஆனா கை இவளோட கை." முகமது எழுந்தார். முட்டியைத் தட்டிக்கொண்டார். "காலையில வண்டி சொல்றேன். துணிமணி எடுத்து வைம்மா. நம்ம வூட்டுத் தரையில நீ எத்தனை வருஷம் நவுந்த. ஒரு கீறல் பட்டிருக்குமா?"

கனீஸ் டீயை வடிகட்டினாள். கிளாசை ஒரு கையில் எடுத்துக்கொண்டு, மறு கையை ஊன்றி, அந்தக் கல்லின்மேலேயே நகர்ந்து அவர் எதிரில் வந்தாள். கிளாசைத் தரையில் வைத்தாள். வலது உள்ளங்கையை விரித்து அவர் முன்னால் நீட்டினாள். சுண்டுவிரலுக்குக் கீழே, கல்யாணத்துக்கு வெகுநாள் முந்தியே ஆறிப்போன வெள்ளைத் தழும்பு ஒன்று இருந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று.

"குந்துங்கண்ணே, டீ ஆறிடும். நம்ம வூட்டுத் தரையில எந்தெந்தக் கல்லு விரிஞ்சிருக்குது, சொல்லுங்க பாக்கலாம்?"